லண்டன் குளிரில் மூணு நாள் ஷாப்பிங் - கொஞ்சம் சரித்திரத்தோட

முன்குறிப்பு: பதிவு கொஞ்சம் நீளம். காபியோட உக்காருங்க.

இப்ப நான் இருக்கறது ஜெர்மனியில, ப்ராங்ஃபர்ட். ஆன்சைட் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான். ஊருக்கு மூட்டை கட்டறதுக்குள்ள லண்டனை ஒரு தடவை பாத்துடணும்னு எனக்கும் ரூம்மேட்டுக்கும் ஆசை. அதுவும் டிசம்பர்ல, விளக்கு அலங்காரம் எல்லாம் இருக்கும்போது. மூணு நாள், ரெண்டு பெட்டி, அக்கா அனுப்பின ஒரு நீளமான லிஸ்ட். அவ்வளவுதான் ப்ராஜெக்ட். ஜெர்மன் விசாவை வச்சிக்கிட்டு இங்கிலாந்துக்குள்ள போக முடியாது, அதுக்குத் தனி விசா. சரி, அதையும் எக்ஸெல் ஷீட்டுல ஒரு வரியாப் போட்டாச்சு.

ஷீட்டோட முதல் கட்டத்துலயே சண்டை. எந்தத் தேதி?

"டிசம்பர் 26 மச்சி. பாக்ஸிங் டே. பாதி விலைக்குப் பாதி விலை. நம்மூரு ஆடித் தள்ளுபடியெல்லாம் இவன்கிட்ட பிச்சை வாங்கணும்" என்கிறான் அவன்.

டிசம்பர் முதல் வாரம் போதும் என்பது என் கட்சி. இதுல யார் சொல்றது சரின்னு நிரூபிக்கறதுக்காகப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சுப் படிச்சு, முந்நூத்துச் சொச்சம் வருஷம் பின்னாடி போயிட்டேன். போன இடத்துல பாத்ததைத்தான் இங்க எழுதறேன்.

ஆத்து மேல கடைத்தெரு

லண்டனோட குளிர்கால ஷாப்பிங்குன்னா என் கண்ணுக்கு முதல்ல வர்றது ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் இல்லை, தேம்ஸ் நதி. 1683-84 குளிர்காலத்தில் அந்த நதி ஏறக்குறைய இரண்டு மாதம் உறைந்து கிடந்தது. ஜனங்க சும்மா இருப்பாங்களா? பனிக்கட்டி மேலயே தெரு போட்டு, ரெண்டு பக்கமும் கூடாரம் அடிச்சு, கடை விரிச்சுட்டாங்க. சாப்பாடு, சாராயம், பொம்மை, துணி. குதிரை வண்டிகள் ஆத்து மேல ஓடின. ஒருத்தர் அச்சு இயந்திரத்தையே தூக்கிட்டு வந்து, காசு குடுத்தா உங்க பேரை அச்சடிச்சு "பனி மேல அச்சிட்டது"ன்னு போட்டுக் கொடுத்தார். 1684 ஜனவரி 31 அன்று மன்னர் இரண்டாம் சார்லஸும் குடும்பத்தோட வந்து பேரை அச்சடிச்சு வாங்கிட்டுப் போயிருக்கார். இன்னிக்கு நாம கப் மேல பேர் போட்டு வாங்கறோமே, அதுக்கெல்லாம் இதுதான் தாத்தா.

இதுல யோசிக்க வேண்டிய மேட்டர் ஒண்ணு இருக்கு. ஆறு உறைஞ்சா ஊருக்கே திருவிழா, ஆனா படகோட்டிக்குப் பொழைப்பு போச்சு. அந்தப் படகோட்டிகள்தான் பனி மேல கால் வைக்கறதுக்குக் காசு வசூல் பண்ணினாங்க, அவங்களே கடையும் போட்டாங்க. வேடிக்கை பாக்கறவனுக்குத் திருவிழா, கடை போட்டவனுக்கு அன்னிக்குச் சாப்பாடு. இந்த ரெண்டு கணக்கும் கடைசி வரைக்கும் கூடவே வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

கடைசியாக இப்படிச் சந்தை நடந்தது 1814 பிப்ரவரியில். அப்புறம் ஏன் நடக்கலை? வெதர் மாறினது ஒரு காரணம். இன்னொரு காரணம் எஞ்சினியரிங். பழைய லண்டன் பாலத்துக்குக் குறுகலான நிறைய வளைவுகள், அது ஒரு அணை மாதிரி தண்ணி வேகத்தைக் குறைச்சு வச்சிருந்தது. 1831ல் அகலமான வளைவுகளோட புதுப் பாலம் திறந்து, பழசை இடிச்சாங்க. அப்புறம் கரையைக் கட்டி ஆத்தைக் குறுக்கினாங்க. தண்ணி வேகமா ஓட ஆரம்பிச்சது, நகரத்துக்குள்ள தேம்ஸ் உறையறது நின்னு போச்சு. ஒரு பாலத்தை மாத்தினா ஒரு சந்தையே காணாமப் போகும்! டிபெண்டன்சின்னா இதுதான்.

தூக்குமேடையிலிருந்து விளக்கு வரிசைக்கு

இன்னிக்கு ஐரோப்பாவோட பெரிய கடைத்தெருக்கள்ல ஒண்ணு ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட். அதோட பழைய பேர் டைபர்ன் ரோடு. டைபர்ன் என்றால் தூக்குமேடை இருந்த இடம், இப்ப மார்பிள் ஆர்ச் இருக்கிறதே, அதுக்குப் பக்கத்தில். கிழக்கே நியூகேட் சிறையிலிருந்து கைதிகளை வண்டியில ஏத்தி, இந்த ரோடு வழியா மேற்கே ஊர்வலமா கொண்டு போவாங்க. வழியில நிறுத்திக் கைதிக்குக் குடிக்க வாங்கித் தருவாங்க. தூக்கு நாள்னா ஊருக்கே லீவு மாதிரி. மேடை கட்டி, உட்கார இடத்துக்குக் காசு வாங்கிக் காட்டினாங்க.

1783 நவம்பரில் டைபர்னில் கடைசித் தூக்கு. அதுக்கப்புறம் தண்டனையை நியூகேட் வாசலுக்கே மாத்திட்டாங்க.

வெறும் மூணே வருஷம் கழிச்சு, 1786ல் அதே தெருவுக்கு ஒரு ஜெர்மன் எழுத்தாளர் வந்தார். சோஃபி ஃபான் லா ரோஷ்னு பேரு. கடைசிக் காலத்தில் எங்க ப்ராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஆஃபன்பாக்கில் வாழ்ந்து, 1807ல் அங்கேயே இறந்தவர். அந்தம்மா ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டைப் பாத்துட்டு வாயடைச்சுப் போயிட்டாங்க. கடிகாரக் கடை, பட்டுக்கடை, பீங்கான் கடை, பழங்களைக் கோபுரமா அடுக்கி வச்ச கடை, எல்லாத்துக்கும் கண்ணாடி, எல்லாத்துக்கும் விளக்கு. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ப்ராங்ஃபர்ட் சந்தைல இருக்கிற மாதிரி கூட்டம்னு எழுதி வச்சிருக்காங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்தத் தெருவுல கூட்டம் கூடினது மனுஷன் தொங்கறதைப் பாக்க. அப்புறம் அதே தெருவுல ஜன்னல்ல தொங்கற பட்டைப் பாக்க. தெரு என்னவோ அதேதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பெரிய கடைன்னு நாம இப்ப சொல்ற சமாச்சாரம் எல்லாம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1819ல் பர்லிங்டன் ஆர்கேட், கூரை போட்ட கடைவரிசை, தனக்குன்னு காவல்காரங்களோட. 1875ல் ரீஜண்ட் ஸ்ட்ரீட்டில் லிபர்ட்டி. 1881ல் அதே தெருவில் ஹாம்லீஸ் பொம்மைக் கடை (அந்தக் கம்பெனி அதுக்கும் முன்னாடி, 1760ல் ஆரம்பிச்சது). 1883 டிசம்பர் 6ஆம் தேதி ஹாரட்ஸ் கடை எரிந்து போனது, கிறிஸ்துமஸுக்கு மூணு வாரம் முன்னாடி! ஆனாலும் அந்த வருஷ ஆர்டர் எல்லாத்தையும் டெலிவரி பண்ணிட்டார் முதலாளி. ப்ரொடக்ஷன் சர்வர் எரிஞ்சும் ரிலீஸ் தேதி தவறலை. அதே ஹாரட்ஸ் 1898ல் நகரும் படி வச்சப்போ, ஏறி வந்து பயந்து போனவங்களுக்கு மேல பிராந்தி குடுத்தாங்களாம் :-)

அந்தக் காலத்துல நடுத்தரக் குடும்பப் பெண் தனியா கடைத்தெருவுக்கு வர்றது அவ்வளவு சுலபமில்லை. பெரிய காரணம் கௌரவம். சொல்லக் கூச்சப்பட்ட சின்ன காரணம் கழிப்பறை. ஆண்களுக்கு இருந்தது, பெண்களுக்குக் கிடையாது. 1884ல் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் பக்கத்தில் பெண்களுக்காக ஒன்று திறந்தார்கள். 1900ல் தெருவுக்கு அடியிலேயே ரயில் வந்தது. 1909 மார்ச் 15 அன்று செல்ஃப்ரிட்ஜஸ் திறந்தது. சிகாகோவிலிருந்து வந்த முதலாளி, வாங்காட்டாலும் பரவாயில்லை, சும்மா சுத்திப் பாருங்கன்னு சொன்னார். அதே வருஷம் ஜூலையில் ப்ளெரியோ விமானத்தில் கால்வாயைக் கடந்து வந்ததும், அந்த விமானத்தையே கடைக்குள்ள கொண்டு வந்து வச்சுட்டார். 1925ல் ஜான் லோகி பேர்ட் டெலிவிஷனைச் செய்து காட்டியதும் அந்தக் கடையில்தான்.

பெண்களை உள்ளே கூப்பிட்ட கடைகளுக்கு 1912ல் ஒரு ஷாக். மார்ச் 1ஆம் தேதி சாயங்காலம், நல்லா உடுத்தின பெண்கள் ரீஜண்ட் ஸ்ட்ரீட், ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் பக்கம் சாதாரணமா நடந்து வந்தாங்க. குளிருக்குக் கை வச்சுக்கற கம்பளி உறைக்குள்ள சுத்தியல். ஒரே நேரத்தில் கடைக்கடையாக் கண்ணாடியை உடைச்சாங்க. கேட்டது ஓட்டுரிமை. 120க்கும் மேற்பட்டவர்கள் கைது. வேடிக்கை என்னன்னா, இதே இயக்கத்தோட பத்திரிகைல அந்த வட்டாரத்துக் கடைங்க விளம்பரம் குடுத்துட்டு இருந்தாங்க. இயக்கத்தோட ஊதா, வெள்ளை, பச்சை நிறத்துல தொப்பியும் வித்தாங்க. 1918ல் 30 வயசுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதிக்கும், 1928ல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது.

குளிரில் நெய்தவர்கள்

லிபர்ட்டி கடையைப் பத்திப் படிக்கும்போதுதான் கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சேன்.

அந்தக் கடை பேர் வாங்கினதே கிழக்கத்திய பட்டையும் ஜப்பான் சாமானையும் வித்துத்தான். 1885 குளிர்காலத்தில், தேம்ஸுக்குத் தெற்கே பேட்டர்ஸி பார்க் பக்கத்துல ஆல்பர்ட் பேலஸ் என்கிற கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள ஒரு "இந்திய கிராமம்" போட்டாங்க. பொம்மை கிராமம் இல்லை. இந்தியாவிலிருந்து நெசவாளி, தையல் வேலைக்காரர், ஆட்டக்காரர், பாம்பாட்டின்னு நாற்பது பேருக்கு மேல கப்பல் ஏத்திக் கொண்டு வந்து உக்கார வச்சாங்க. லண்டன்காரங்க டிக்கெட் வாங்கிட்டு வந்து, அவங்க நெய்யறதைப் பாக்கணும். பாத்துட்டு அந்த மாதிரிச் சரக்கைக் கடையில வாங்கணும். அதான் ஐடியா.

குளிர் கொன்னு எடுத்தது. கூட்டமும் வரலை. கண்காட்சி படுதோல்வி. கடைசியில், ஒப்பந்தப்படி நடத்தலைன்னு அந்த இந்தியத் தொழிலாளிகள் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலைமை. மொழி தெரியாத ஊர்ல, பழக்கமில்லாத குளிர்ல, தறிக்கு முன்னாடி உக்காந்திருந்த அந்த ஆளுங்களோட பேரைத் தேடித் தேடிப் பாத்தேன். கடை முதலாளி பேர் எல்லா இடத்துலயும் இருக்கு.

அடுத்த வருஷம், 1886ல் சவுத் கென்சிங்டனில் அரசாங்கமே பெரிய காலனிக் கண்காட்சி நடத்தியது. அதுக்கும் இந்தியக் கைவினைஞர்கள் வந்தாங்க. பல பேர் ஆக்ரா சிறையில் தொழில் கற்ற கைதிகள். விக்டோரியா ராணிக்கு அவங்களைப் பிடிச்சுப் போய், ருடால்ஃப் ஸ்வோபோடா என்கிற ஓவியரை வச்சுப் படம் வரையச் சொன்னார். அதுல பக்‌ஷிராம் என்கிற குயவர், வயசு 102ன்னு குறிச்சிருக்காங்க. அந்தப் படங்கள் இன்னிக்கும் ஆஸ்போர்ன் மாளிகையில் இருக்கின்றன. ராணி கண்ணுல பட்டவங்களுக்கு முகமும் பேரும் மிஞ்சிச்சு.

ஒரு ஸ்டூலின் கதை

சரி, நம்மாளுங்க கதை இப்படி. அந்த ஊர்க்காரப் பொண்ணுங்க கவுண்டருக்குப் பின்னாடி எப்படி இருந்தாங்க?

மார்கரெட் பாண்ட்ஃபீல்ட்னு ஒருத்தர். 14 வயசுல துணிக்கடை வேலைக்குப் போனவர். அந்தக் காலத்துல கடைப் பணியாளர்கள் முதலாளி குடுக்கற இடத்துலயே தங்கணும், அவர் போடறதையே சாப்பிடணும். சம்பளத்துல அதுக்கும் பிடிச்சுப்பாங்க. வாரத்துக்கு 65 மணி நேரத்துக்கு மேல வேலை. அதுவும் கிறிஸ்துமஸ் சீசன்ல கேக்கவே வேணாம். பாண்ட்ஃபீல்ட் 1890களில் ஒவ்வொரு கடையா வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடக்கறதைக் குறிச்சு வச்சு அறிக்கை கொடுத்தார். 1899ல் ஒரு சட்டம் வந்தது: கடையில் வேலை செய்யும் பெண்கள் மூணு பேருக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும். 1911ல் இன்னொரு சட்டம்: வாரத்தில் அரை நாள் லீவு. அந்தப் பாண்ட்ஃபீல்ட் 1929ல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ரங்கநாதன் தெரு ஞாபகம் வந்திருக்குமே. 2010ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' பாத்தவங்களுக்கு, முதலாளி குடுக்கற இடத்துல தங்கறது, பன்னிரண்டு மணி நேரம் நிக்கறது எல்லாம் புதுசா விளக்க வேண்டியதில்லை. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்தது எப்போ தெரியுமா? 2021. கேரளாவுல 2018. லண்டன்ல 1899.

நூத்தி இருபத்திரண்டு வருஷம். ஒரு ஸ்டூலுக்கு.

தீபாவளிக்கு முன்னாடி தி.நகர்ல, அக்காவுக்காக நாற்பது புடவையைப் பிரிச்சுப் போட்டு மடிச்ச அந்தப் பொண்ணு எத்தனை மணி நேரமா நின்னுச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. யாரும் கேக்கறதில்லை. அதனாலதான் சட்டம் போட வேண்டியிருக்கு.

இருண்ட டிசம்பர்கள்

விளக்கு அலங்காரத்துக்கும் ஒரு பின்னணி இருக்கு. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் ஜான் லூயிஸ் கடை எரிந்து எலும்புக்கூடானது. 1941 ஜூனிலிருந்து 1949 வரை துணிக்கு ரேஷன். காசு இருந்தாலும் கூப்பன் இல்லாம கோட் வாங்க முடியாது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடின கரிப்புகையில் நாலாயிரம் பேர் செத்தாங்கன்னு முதல்ல சொன்னாங்க. பிற்பாடு வந்த கணக்குகள் 12,000 வரைக்கும் போகுது. அதுக்கப்புறம்தான் 1956ல் காத்து சுத்தச் சட்டம்.

1954 ஜூலையில் கடைசி ரேஷனும் ஒழிந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் ரீஜண்ட் ஸ்ட்ரீட்டில் முதன்முதலா விளக்கு போட்டாங்க. ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டில் 1959ல். பதினாலு வருஷ ரேஷன் முடிஞ்ச வருஷத்துல ஏத்தின விளக்குன்னு தெரிஞ்சுட்டுப் பாத்தா அது வேற மாதிரி தெரியும்.

1983 டிசம்பர் 17, சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் கூட்டம். ஹாரட்ஸ் பக்கத்துத் தெருவில் ஐ.ஆர்.ஏ. வச்ச கார் குண்டு வெடித்தது. மூணு போலீஸ்காரர்கள், மூணு பொதுஜனம், ஆறு பேர் செத்துப் போனாங்க. அந்த இடத்தில் போலீஸ்காரர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. நம்ம பாண்டி பஜார்ல தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை இப்படி நடந்ததுன்னு நினைச்சுப் பாருங்க.

அப்ப, எந்தத் தேதி?

இப்ப சண்டைக்கு வருவோம். டிசம்பர் 25 அன்று லண்டனில் ட்யூப், பஸ் எதுவும் ஓடாது. 280 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகள் அன்னிக்குத் திறக்கக் கூடாதுன்னு 2004ல் சட்டமே போட்டார்கள், கடைத் தொழிலாளர் சங்கம் போராடினதால. சின்னக் கடை திறக்கலாம். அதனால அந்த நாள்ல பால், ரொட்டி வேணும்னா ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் ஈழத்தமிழர் நடத்தற கடைதான் கதி. ஊரே சாப்பிட்டுத் தூங்கற நாள்ல அங்க கல்லால உக்காந்திருக்கறது நம்ம அண்ணனோ அக்காவோதான்.

26ஆம் தேதிக்கு அந்த மாதிரித் தடை கிடையாது. 1871லேயே பொது விடுமுறை ஆன நாள், ஆனா கடைக்காரப் பையன் விடிகாலைல எழுந்து வரணும். சில பெரிய கடைங்க தாங்களாவே அன்னிக்கு மூட ஆரம்பிச்சிருக்காங்க.

இதைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டான்: "நாம போகலைன்னா மட்டும் அவனுக்கு லீவு குடுத்துடப் போறாங்களா?"

நியாயமான கேள்வி. மாட்டாங்க. வரலாற்றைப் பாத்தா, வாங்கறவன் மனசு இரங்கி எந்த லீவும் வந்ததில்லை. பாண்ட்ஃபீல்ட் மாதிரி உள்ளே நின்னவங்க கேட்டு வாங்கினதுதான் எல்லாம். ஆனா ரெண்டு பக்கமும் சமமா இருக்கும்போது, அவங்களுக்குச் சுமை குறைவா இருக்கிற பக்கம் தேதி போடறதுல எனக்கு என்ன நஷ்டம்? பாதி விலை நஷ்டம்ங்கறான் அவன். அதுக்கும் கணக்கு இருக்கு. வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திருப்பித் தந்த 20 சதவீத வாட் வரி, 2021 தொடக்கத்திலிருந்து கிரேட் பிரிட்டன் கடைகளில் கிடையாது. அப்புறம் 26ஆம் தேதிக்கு ஃப்ளைட்டு, ரூம் வாடகை ரெண்டையும் ஷீட்டுல போட்டுக் காமிச்சேன். தள்ளுபடி அங்கயே கரைஞ்சுபோச்சு. கட்சி மாறிட்டான் :-)

இறுதி ப்ளான்:

வெள்ளி: நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அதனால நேரா ரீஜண்ட் ஸ்ட்ரீட் விளக்கு. ஹாம்லீஸ்ல அக்கா பையனுக்குப் பொம்மை. லிபர்ட்டில ஒரு கைக்குட்டையாவது.

சனி: டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுல இறங்கி, மேற்கு நோக்கி நடை. அந்தக் கைதிகள் வண்டி போன அதே திசை. செல்ஃப்ரிட்ஜஸ் தாண்டி மார்பிள் ஆர்ச்சில், தூக்குமேடை இருந்த இடத்துல தரையில ஒரு வட்டக் கல் இருக்கு, அது வரைக்கும்.

ஞாயிறு: 1994 சட்டப்படி பெரிய கடைங்க ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதனால காலைல அவசரமில்லை. சவுத்வார்க் பாலத்துக்கு அடியில போற நடைபாதைச் சுவத்துல பனிச்சந்தையைக் கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, அதைப் பாத்துட்டு அப்புறம் ஹாரட்ஸ். சாயங்காலம் ஈஸ்ட் ஹாம்ல இட்லி, சாம்பார்.

லண்டன் போயிட்டு வந்தவங்க ப்ளான்ல ஓட்டை இருந்தா சொல்லுங்க. நான் போற கடைல எல்லாம் கவுண்டருக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கான்னு எட்டிப் பாத்துட்டு வரேன். ஊருக்கு வந்ததும் தி.நகர்லயும் பாக்கணும்.